டியூப் ரப்பரும் ஒரு வேப்பங்குச்சியும்

பட்டறையில் எப்போதும் இருக்க வேண்டிய ஒரே பொருளைச் சொல்லச் சொன்னால் பழைய சைக்கிள் டியூப் என்பேன். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி ஆணியில் மாட்டிவிட்டால் ஒரு டியூப் இரண்டு வருடத்துக்கு வரும். ஒழுகும் குழாயின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றலாம். ஆடுகிற சுத்தியல் பிடிக்குள் செருகலாம். திறக்க மறுக்கும் மூடியைச் சுற்றிப் பிடித்துத் திருகலாம். எது எங்கே ஆடினாலும், எது எதோடு உரசினாலும், நடுவில் ஒரு துண்டு ரப்பரை வைத்தால் சத்தம் நின்றுவிடும்.

அதற்கு அடுத்த இடம் கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு. பிறகு, இரண்டு நிற உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து அப்பினால் கல்லாக இறுகும் ஒட்டுமாவு. கட்டுக்கம்பி ஒரு சுருள். கவனமில்லாமல் தொட்டால் விரலோடு விரலை ஒட்டிவிடும் சொட்டுப் பசை. அதன் பக்கத்திலேயே ஆப்பச் சோடா ஒரு டப்பா. விரிசல் அகலமாக இருந்தால் சோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டுப் பசை விட வேண்டும். புஸ்ஸென்று கொஞ்சம் புகை வரும். அப்புறம் அதை அரம் போட்டுத்தான் ராவ முடியும். திருகாணி தானாகக் கழன்று வராமலிருக்க அதன் தலையில் ஒரு பொட்டு நகப்பாலிஷ். மரத்தில் ஏறாத திருகாணிக்குத் துணி சோப்பு.

இவை எல்லாம் திண்டுக்கல்லில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் இன்றைக்கும் இருக்கின்றன. எழுபத்தாறு வயதில் வாரம் ஒருமுறை அவற்றைத் துடைத்து அடுக்கிவைக்கிறேன். உடைந்த பொருளைக் கொண்டுவரும் ஆள்தான் வருவதில்லை.

அந்த ஆள் என் தம்பி. நத்தம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் உள்ளே நடந்தால் அவனுடைய தோட்டம் வரும். எங்கள் அப்பா ஒருவனைப் படிக்கவைத்தார், ஒருவனைத் தோட்டத்தில் வைத்தார். நான் இரண்டு வயது மூத்தவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நான் இன்ஜினியரிங் படித்து ஒரு நூற்பாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு கொட்டகைக்குள் புகுந்துகொண்டேன். சனிக்கிழமை தோறும் அவன் மொபெட்டில் ஏதாவது ஒரு உடைசலைக் கட்டிக்கொண்டு வருவான்.

"டாக்டர் இருக்காரா? கேஸ் சீரியஸு" என்று கேட்டிலிருந்தே கத்துவான்.

"என்னடா கொண்டாந்திருக்க?"

"மருந்தடிக்கிற டேங்குண்ணே. சத்தம் மட்டும் வருது, வேலை நடக்க மாட்டேங்குது. வீட்ல இருக்கிறவ மாதிரியே."

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். "இருங்க தம்பி, இதை அப்படியே போன்ல அவகிட்டச் சொல்றேன். ராத்திரிச் சோறு டேங்குதான் போடும்."

"தாயே, வாபஸு, வாபஸு. ஒரு காப்பி குடுங்க, நான் பேசவே இல்ல."

அவன் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொள்வான். நான் வேலை செய்வேன். ஒரு கண் என் கையில் இருக்கும், வாய் ஓயாது. "ஏண்ணே, இம்புட்டுப் படிச்சிட்டு டியூப்பை நறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கியே, காலேசுக்காரன் பாத்தா குடுத்த பட்டத்தைத் திருப்பிக் கேப்பான்." வேலை முடிந்ததும் அந்தப் பொருளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "அடேயப்பா! ஒட்டுன எடமே தெரியலயே" என்பான். மில்லில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு "அடேயப்பா"வுக்கு ஈடாக அங்கே எதுவும் கிடைத்ததில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பின்னால் நான் செய்ததற்கு அதுதான் காரணம்.

தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு. அதற்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் ஒன்றும், அதை ஓட்ட ஒரு மோட்டாரும் ஒரு சின்ன அறையில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பெல்ட் ஓடும். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். தோட்டங்களுக்குக் கரண்டு வருவதற்கு நேரம் சொல்லுவார்கள். அது சொன்ன நேரத்துக்கும் வரும், முன்னே பின்னேயும் வரும். வரும்போதெல்லாம் ஆள் நின்று பட்டனை அமுக்க முடியுமா? ஆகவே எங்கள் பக்கத்து விவசாயிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பச்சைப் பட்டன் உள்ளே அமுங்கியபடியே இருக்க ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். கரண்டு வந்தவுடன் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

என் தம்பி வைத்திருந்தது ஒரு வேப்பங்குச்சி. அதன் முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தான். பெல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால் குச்சியை உருவி ஜன்னலில் வைப்பான். "குச்சி பட்டன்ல இருந்தா மோட்டாரு முழிச்சிருக்கு, ஜன்னல்ல இருந்தா தூங்குது" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தான். மில்லில் ஒரு பிட்டர் இயந்திரத்துக்குள் கை விடுவதற்கு முன்னால் வேறு யாரும் அதை ஓட்டிவிடாதபடி பியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான். தம்பியின் குச்சி அதே விதிதான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கு அது அசிங்கமான ஒரு குச்சியாக மட்டுமே தெரிந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாள். வத்தலக்குண்டில் உறவில் ஒரு காதுகுத்து. தம்பியும் அவன் மனைவியும் போக வேண்டும். தக்காளி காய் பிடித்திருந்த நேரம், தண்ணீர் விடாமல் இருக்க முடியாது.

"அண்ணே, ஒரு நா தோட்டத்துல வந்து உக்காந்திரு. கரண்டு வந்தா தன்னால ஓடும். அந்தக் குச்சிதான் சமயத்துல மோட்டாரு அதிர்றதுல விழுந்துருது. விழுந்தா எடுத்துச் சொருகி விடு. வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்" என்றான்.

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவன் சொன்னதை நான் கேட்டிருக்கலாம். நான் போன ஒரு மணி நேரத்தில் குச்சி இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது கரண்டும் போய்விட்டது. என் பையில் வழக்கம்போல டியூப் துண்டும் இன்சுலேஷன் டேப்பும் இருந்தன. மெயினை இறக்கிவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். பட்டனுக்குப் பின்னால் ரப்பரை மூன்றாக மடித்துத் திணித்து, நழுவாமல் டேப் சுற்றினேன். மூடியை மாட்டியபின் வெளியே எதுவும் தெரியவில்லை. மெயினைப் போட்டேன். கரண்டு வந்தது. மோட்டார் தானாக ஓடியது, ஒரு நடுக்கம் இல்லை. குச்சிக்கு வேலையில்லாமல் போயிற்று. அதை எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

சாயங்காலம் அவன் பஸ்ஸில் இருந்து போன் செய்தான். "அண்ணே, நாங்க வந்துக்கிட்டிருக்கோம். எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு. நான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

"குச்சி விழுந்துச்சா?"

"இனிமே விழாது" என்று சொல்லிச் சிரித்தேன். பஸ் இரைச்சலில் அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. அதற்கு மேல் நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. காலையில் கரண்டு வரும், குச்சி இல்லாமல் மோட்டார் ஓடும், அவன் திகைத்து நிற்பான், பெட்டியைத் திறந்து பார்ப்பான், எனக்குப் போன் செய்து "அடேயப்பா" என்பான். அதற்காகத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. பேசியது அவன் மனைவி.

பெல்ட் தளர்ந்திருப்பதை அவன் காதுகுத்துக்குப் போகும் முன்பே கவனித்திருந்தானாம். கரண்டு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அறைக்குள் போனான். குச்சி ஜன்னலில் இருந்தது. அண்ணன் சரியாக எடுத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து பெல்ட்டில் கை வைத்தான். அன்றைக்குக் கரண்டு முன்னாலேயே வந்துவிட்டது. அலறல் கேட்டு அவள் ஓடிவந்து மெயினை இழுத்துவிட்டாள். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்தபோது திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான். "குச்சி ஜன்னல்ல இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கை வச்சேன்." சுற்றி நின்ற உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "குச்சி இல்லாம மோட்டாரு எப்படி ஓடும்?" என்று ஒருவர் கேட்டார். "அண்ணன் இன்ஜினியராச்சே, போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்றார் இன்னொருவர்.

போனேன். மோட்டார் அறையில் யாரும் இல்லை. தரையில் அவனுடைய ரத்தம் காய்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து டேப்பை அறுத்து ரப்பரை எடுத்தேன். மூடியை மாட்டினேன். பிறகு ஜன்னலில் இருந்த குச்சியை எடுத்துப் பச்சைப் பட்டனில் செருகினேன்.

நான் அதைப் பதற்றத்தில் செய்யவில்லை. திருகாணிகளை எண்ணி, நான்கையும் இறுக்கினேன்.

திரும்பி வந்ததும் தம்பியின் மனைவி கேட்டாள். "குச்சி எங்க மாமா இருந்துச்சு?"

"பட்டன்லதாம்மா இருந்துச்சு."

கட்டிலில் இருந்து தம்பி என்னைப் பார்த்தான். எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்தேன். பேசியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதாக இருக்கலாம். அவன் கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தான். "அண்ணன் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் தோட்டத்தை, விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விட்டுவிட்டான். இடது கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவனாலும் முடிந்திருக்கும். அவன் விட்டது கையினால் அல்ல. மொபெட்டைத் தொடுவதில்லை. ஸ்விட்சைப் போட மாட்டான். அடுப்பை அணைத்தாயா, கதவைப் பூட்டினாயா என்று மனைவியிடம் நாலு தடவை கேட்பான். அவள் ஆமாம் என்றால் பேசாமல் இருப்பான். தானே போய்ப் பார்க்க மாட்டான். பார்த்தாலும் அதை நம்ப முடியாது என்று நினைத்தான். அவன் கண் சொன்னதை நான் பொய்யாக்கிவிட்டேன்.

சனிக்கிழமைகள் நின்றுபோயின. முதல் ஒரு வருடம் அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நானும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவேன். அவன் வாசல்வரை வருவான். "பாத்துப் போண்ணே" என்பான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று போய், சொல்லாமல் வந்தேன்.

பிறகு ஏக்கம் வந்தது. அது ஏதோ ஒரு நாளில் வரவில்லை, மெல்ல வந்தது. கொட்டகையில் ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், காட்ட ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் குக்கர் கைப்பிடியும் மிக்ஸி ஜாரும் கொண்டுவருவார்கள். நன்றி சொல்லி வாங்கிப் போவார்கள். அவர்களில் யாரும் ஒட்டின இடத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. என் மனைவி மட்டும் அவ்வப்போது கேட்பாள். "கொழுந்தனார் வந்து எத்தனை வருசமாச்சு. கை போனா மனுசன் அண்ணன் வீட்டுக்கு வரக்கூடாதா?" அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

இந்த வருடம் மாசி மாதத்தில் தம்பியின் மனைவி போன் செய்தாள். அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார். இவன் மாட்டேன் என்கிறான்.

"நீங்க வந்து சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா மட்டுந்தான் கேப்பாக."

"ஏன் வேணாங்கிறான்? பயப்படுறானா?"

"பயமில்ல மாமா. 'கண்ணு நல்லாத் தெரிஞ்சப்பவே தப்பாத்தான் பாத்தேன், இப்ப எதுக்கு அதைத் தொடைச்சு வைக்கணும்'ங்கிறாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவன் அதை வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பான். போனை வைத்த பிறகு என்னால் மதியம் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் நத்தம் பஸ் ஏறினேன். அவன் வீட்டு முற்றத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். நான் கிட்டே போகும்வரை என்னை அடையாளம் தெரியவில்லை.

"யாரு? அண்ணனா? வா வா. என்ன, கண்ணாஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிற வேலை பாக்குறியாமே? தலைக்கு எம்புட்டுத் தாரான்?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காப்பி வரும், காப்பி வந்தால் பேச்சு மாறும் என்று பயந்தேன். நின்றபடியே சொன்னேன். காதுகுத்து அன்றைக்குப் பெட்டியைத் திறந்தது, ரப்பரைத் திணித்தது, போனில் சொல்லாமல் விட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து போய் அதை எடுத்தது, குச்சியைப் பட்டனில் செருகியது, பொய் சொன்னது. வரிசையாகச் சொன்னேன். எதையும் மென்மைப்படுத்தவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

அவன் கையில் இருந்த மொச்சைக்காயை முறத்தில் வைத்தான். பிறகு கேட்டது நான் எதிர்பாராத கேள்வி.

"குச்சிய ஜன்னல்ல எப்படி வச்ச?"

"எப்படின்னா?"

"துணி எந்தப் பக்கம் இருந்துச்சு? உள்ளயா, வெளியவா?"

யோசித்தேன். "வெளிய. கம்பிக்கு வெளிய தொங்குச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆமா. வெளியதான் தொங்குச்சு. காத்துல ஆடுச்சு." உடனே வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான். "ஏத்தா! இங்க வா! நான் சொன்னேனா இல்லையா, குச்சி ஜன்னல்ல இருந்துச்சுன்னு? இந்தா, அண்ணன் சொல்றாரு, கேளு!"

அவள் ஓடிவந்தாள். விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்; நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றான் அவளிடம். மறுபடியும், "சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றான். முகம் மலர்ந்திருந்தது. அழுதுகொண்டும் இருந்தான்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினான். "கைக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நீ வேணும்னு செய்யல. வெரலு போச்சு, போகட்டும். ஆனா பதினோரு வருசமா நான் கிறுக்கனோ, என் கண்ணுல கோளாறோ, புத்தியில கோளாறோன்னு படுத்துக்கெடந்தேன். நீ பொங்கலுக்கு வந்து அதைப் பாத்துட்டுப் பாத்துட்டுப் போயிருக்க."

"ஆமா" என்றேன்.

"இப்பக் கெளம்புண்ணே. பஸ்ஸு இருக்கும்."

வழக்கம்போல அவன் வாசலுக்கு வரவில்லை. நான் ரோட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் தக்காளிச் செடிகள் கோல் ஊன்றிக் கட்டப்பட்டு நின்றன. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "'நம்ம கண்ணுதான் தப்போ'ன்னு கொழுந்தனாரு காலையில எந்திரிக்கும்போதெல்லாம் நெனச்சிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு தம்பியிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை. நானும் போன் செய்யவில்லை. செய்ய எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வண்டி தெருவில் திரும்பினாலும் கை நின்றுவிடுகிறது.

போன வாரம் அவன் மனைவி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டதாம். தானே தேதி கேட்டு, தானே போய்ப் படுத்தானாம். தோட்டத்தை வாரத்துக்குப் பார்க்கிறவரோடு இப்போது தினமும் வயலில் நிற்கிறானாம். முந்தாநாள் மோட்டார் அறைக்குள் போய், மெயினை இறக்கிவிட்டு, இடது கையால் பெல்ட்டைக் கழற்றி வேறு பெல்ட் மாட்டினானாம்.

"வேண்டாம்னு சொன்னேன் மாமா. 'நான் பாத்துக்குவேன், நீ போ'ன்னுட்டாக."

"என்னைப் பத்தி ஏதாவது..." என்று ஆரம்பித்தேன்.

"இல்ல மாமா. ஒண்ணும் பேசல." அவள் நிறுத்தினாள். "உங்க பேச்சை எடுத்தா எந்திரிச்சுப் போயிருறாக."

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை. பின்னால் மோட்டார் ஓடும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. அதற்கும் அப்பால், தூரத்தில், ஒரு ஆண் குரல் யாரையோ அதட்டியது.

"ஏலே, அங்கிட்டு இல்ல, இங்கிட்டு வெட்டி விடு! நான் இங்க நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்! நாலாவது பாத்தி காயுது, எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?"

"அவுக வாராக மாமா, வச்சிர்றேன்" என்றாள்.

போன் நின்றது. நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.